ஆறு இருக்கு, வழி இல்லை

கேள்வி: காங்கோ என்ற மாபெரும் நதி இருந்தும் காங்கோ நாடு வணிகத்தில் முன்னேறாதது ஏன்?

பதில்: வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி பீடபூமி. கடலுக்குப் பக்கத்தில் வந்துதான் சட்டென்று இறங்குகிறது. கிசங்கானியிலிருந்து கின்ஷாசா வரை 1,700 கிலோமீட்டருக்குச் சமர்த்தாகப் படகு சுமக்கும் காங்கோ, அதற்குப் பிறகு பாறைகளில் விழுந்து புரண்டு குதிக்கிறது. கடலிலிருந்து வரும் கப்பலோ மட்டாடி துறைமுகத்தோடு நின்றுவிடும். நடுவே சுமார் 350 கிலோமீட்டருக்குச் சரக்கை ரயிலிலோ லாரியிலோதான் ஏற்ற வேண்டும். ரயில் பாதை போடவே 1890 முதல் 1898 வரை ஆனது. கூலிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

மேலே ஆற்றில் போவது படகு அல்ல, மிதக்கும் சந்தை. பல தெப்பங்களைச் சேர்த்துக் கட்டி, பின்னாலிருந்து ஒரு விசைப்படகு தள்ளும். ஆடு, கருவாடு, அடுப்பு, கைக்குழந்தை எல்லாம் மேல்தளத்தில். கரையோர ஊர்க்காரர்கள் ஓடத்தை ஓட்டிவந்து, ஓடுகிற தெப்பத்திலேயே கட்டிக்கொண்டு பேரம் பேசுவார்கள். வந்து சேரும் தேதியைக் கேட்பது அநாகரிகம்.

ஆனால் பழி முழுவதையும் பாறைமேல் போட்டால் காங்கோவைச் சுரண்டிய பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தப்பித்துவிடுவார்! இன்றும் ஆறு குதித்து இறங்கும் அதே சரிவில், இங்கா அணைகளில் எடுக்கும் மின்சாரம் 1,700 கிலோமீட்டர் தாண்டிக் கட்டாங்கா செம்புச் சுரங்கங்களுக்குப் போகிறது. கம்பிக்குக் கீழே இருக்கும் கிராமங்கள் பலவற்றில் விளக்கு இல்லை. இதையும் புவியியல் கணக்கிலா எழுதச் சொல்கிறீர்கள்?