87 எனலும் 93 எனலும்: சொகுசு எஸ்யூவியின் எரிபொருள் மரபு குறித்து ஓர் ஆராய்ச்சி

எரிபொருள் பற்றிய ஆய்வுகள் எல்லாம் இதுவரை என்ஜினுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டன. கார்க் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, வெளியே நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறோமே, அந்த இடத்தை அறிஞர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. கள எல்லை, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம். அதிலும் எடிசன், ஐஸ்லின் வட்டாரம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரினம், மாதத் தவணையில் சொகுசு எஸ்யூவி வாங்கிய தமிழ்க் குடும்பத் தலைவர்.

நியூஜெர்சி ஏன்? அங்கே 1949 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வண்டிக்காரர் தன் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. பங்க் ஊழியர்தான் போட வேண்டும். ஆரிகன் மாநிலமும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்து, 2023இல் விட்டுக்கொடுத்துவிட்டது. மற்ற மாநிலங்களில் ஒருவர் இறங்கிப்போய் 87 என்ற பொத்தானை அமுக்கினால் அது அவருக்கும் பொத்தானுக்கும் இடையிலான சமாசாரம். நியூஜெர்சியில் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். போதாக்குறைக்கு, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார்: "ரெகுலர்?" அடுத்த பம்பில் நிற்பவருக்கும் கேட்கும்.

ஆக்டேன் எண் என்றால் என்ன என்பதை முதலில் முடித்துவிடுவோம். பெட்ரோலுக்குத் தானாகப் பற்றிக்கொள்ளும் துர்ப்புத்தி உண்டு. பிஸ்டன் அழுத்தும்போது ஸ்பார்க் பிளக் கொளுத்தும் வரை அது பொறுமை காக்க வேண்டும். காக்காமல் ஆங்காங்கே வெடித்தால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அந்தப் பொறுமையின் அளவுதான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து, 1920களில் கிரஹாம் எட்கர் இந்த அளவுகோலை அமைத்தார். ஆகவே 93 என்னும் பிரீமியம், 87 என்னும் ரெகுலரைவிடப் பொறுமை மிகுந்த பெட்ரோல், அவ்வளவுதான். அதில் சக்தி அதிகம், சத்து அதிகம், என்ஜினைக் கழுவிவிடும் என்பனவெல்லாம் செவிவழிச் செய்திகள். கழுவும் வேலை டிடர்ஜென்ட் சேர்மானத்தினுடையது. பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் 2004இல் கொண்டுவந்த டாப் டியர் தரத்தின்படி அந்தச் சேர்மானம் ரெகுலரிலும் இருந்தாக வேண்டும்.

(ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாக்கள் பம்பின் மஞ்சள் ஸ்டிக்கரில் 87 என்ற எண்ணைக் கண்டு, "நம்ம ஊர்லயே 91, 95னு போடுறானே" என்று அமெரிக்காவின் மீது நம்பிக்கை இழப்பதுண்டு. இந்தியாவில் காட்டுவது ஆர்ஓஎன் என்ற ஒற்றை அளவு. அமெரிக்காவில் அதையும் அதைவிடக் கண்டிப்பான எம்ஓஎன் அளவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். ஊர் 91தான் இங்கே ஏறத்தாழ 87. அப்பாக்கள் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை.)

இனி மூலநூல். வண்டியின் எரிபொருள் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு வாசகம் ஒட்டியிருக்கும். அதன்மேல் எழுந்த சூத்திரம் பின்வருமாறு. கட்டுரையாளரே இயற்றியது, தொல்காப்பியத்தில் தேட வேண்டாம்.

வேண்டும் என்றதும் நன்றென மொழிந்ததும்
ஒன்றெனக் கொள்வோன் காசு கரையும்;
வேறெனக் கொள்வோன் மானம் கரையும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மூடிவாசகத்தின் இருவகைப் பாகுபாடு உணர்த்துதல் நுதலிற்று. 'வேண்டும்' என்பது கட்டளை. மெர்சிடிஸ் ஜிஎல்இ இவ்வகை, பிரீமியம்தான், மறுபேச்சில்லை. 'நன்று' என்பது பரிந்துரை. அக்யூரா எம்டிஎக்ஸ், 6.2 லிட்டர் கேடிலாக் எஸ்கலேட் முதலியன இவ்வகை. 91 போட்டால் நல்லது, போடாவிட்டால் குடிமுழுகாது என்பது பொருள். அக்யூராவைச் செய்யும் அதே ஹோண்டா நிறுவனத்தின் பைலட்டுக்கு 87 போதும் என்பதையும், பைலட்காரர் இவ்விஷயத்தில் ஒரு இரவும் தூக்கம் கெட்டதில்லை என்பதையும் கொள்க.

கட்டளை இடப்பட்டவர்களுக்குச் சிக்கலே இல்லை, போட்டுவிட்டுப் போகிறார்கள். துன்பமெல்லாம் பரிந்துரைக்கப்பட்டவர்களுக்குத்தான். ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட வாசகம் அது. (ஈயம் என்றதும் நினைவு வருகிறது. நாக்கிங்கை நிறுத்த அமெரிக்காவில் உண்மையாகவே ஈயம் கலந்தார்கள். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி கண்ட வழி அது. 'எத்தில்' என்று அழகாகப் பெயர் வைத்து விற்றார்கள். பெயரில் மட்டும் ஈயம் இல்லை. சாலை வண்டிகளுக்கு அதை முழுதாகத் தடை செய்ய 1996 ஆயிற்று.)

பரிந்துரை வாசகத்துக்கு உரை காண்பதில் இரு கலையார் உளர். தென்கலையார் பூனைக்குட்டி நியாயம் பேசுவர். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விப்போவதுபோல் நாக் சென்சார் நம்மைக் காக்கும். அதிர்வு கண்டதும் என்ஜினின் கணினி பொறி விழும் நேரத்தைச் சற்றே தள்ளிப்போடும். நாம் செய்ய வேண்டியது சரணாகதியும் ரெகுலரும் மட்டுமே. வடகலையாருக்கு இது சம்மதமில்லை. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றுவதுபோல் நம் முயற்சியும் வேண்டும், பொறியைத் தள்ளிப்போட்டால் குதிரைத்திறன் குறையும், எனவே 93. இரு தரப்பும் சொல்வது அறிவியல்படி சரியே. சரியாக இருப்பதால்தான் பொங்கல் விழா கார் நிறுத்துமிடத்தில் இந்த வாதம் ஓயாமல் நடக்கிறது.

எவ்வளவு குறையும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க மோட்டார் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, பரிந்துரை வகை வண்டிகளை 2017இல் சோதித்தது. பிரீமியம் போட்டதால் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும், குதிரைத்திறன் 1.4 சதவீதமும் ஏறின. நம் வகுப்பைச் சேர்ந்த எஸ்கலேட் மட்டும் மைலேஜில் 7.1 சதவீதம் காட்டி மானத்தைக் காத்தது. ஆனால் பிரீமியத்தின் விலையோ அப்போது 20 முதல் 25 சதவீதம் கூடுதல். கால் ரூபாய் கொடுத்து ஏழு பைசா வாங்குவதற்கு வணிகவியலில் என்ன பெயர் என்று தெரியவில்லை. வடகலையார் அதைப் பராமரிப்பு என்கிறார்கள். 87 போதும் என்று மூடியில் ஒட்டியிருந்தும் பிரீமியம் போடுவோரால் ஆண்டுக்கு 210 கோடி டாலர் வீணாகிறது என்று அதே சங்கம் 2016இல் கணக்கிட்டது. அவர்கள் தனி இனம். அவர்களை ஆராயப் பக்தி இலக்கியம் கற்றோர் வேண்டும்.

89 என்று நடுவில் ஒன்று உண்டு. பெரும்பாலான பங்க்குகளில் இது தனிச்சரக்கு அல்ல. கீழே இரண்டு தொட்டிகளில் இருப்பதை மேலே பம்ப் கலந்து தருவது. ஜீப்பின் 5.7 லிட்டர் ஹெமி என்ஜினைத் தவிர இதைப் பெயர் சொல்லிக் கேட்ட வண்டி அதிகமில்லை. வீட்டில் இருவருக்கும் நல்லவராக இருக்க விரும்புவோர் இதைப் போடுகின்றனர்.

கள ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இனித்தான். தனியாகச் செல்லும் எம்டிஎக்ஸ்காரர் "ரெகுலர், ஃபுல், கேஷ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாட்ஸ்அப் பார்க்கிறார். மனைவி உடனிருந்தால் அதையே சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்கிறார். பின்சீட்டில் சகலை இருந்தால் ஆக்டேன் எண் உடனே ஆறு ஏறிவிடுகிறது. சகலை டாலஸிலிருந்து வந்திருக்கிறார்; டாலஸில் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை; அங்கே அவர் எந்தப் பொத்தானை அமுக்குகிறார் என்பதை அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் அவர் கேட்பார்: "என்ன சகல, இந்த வண்டிக்குப் போய் ரெகுலரா போடுறீங்க?" எம்டிஎக்ஸின் தொட்டி 18.5 கேலன். வித்தியாசம் கேலனுக்கு 80 சென்ட் என்று கொண்டால், அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கும் செலவு 14 டாலர் 80 சென்ட். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மசாலா தோசையின் விலையை ஒட்டி வருகிறது. தோசையை வாங்கிக் கொடுத்திருந்தாலும் சகலை இதே கேள்வியைக் கேட்டிருப்பார் என்பதால் இச்செலவு நியாயமானதே என்று கொள்ள இடமுண்டு.

இறுதியாக ஒரு நுட்பம். பல பங்க்குகளில் பொத்தான் மூன்று, குழாய் ஒன்று. முன்னவர் போட்டது ஏறக்குறைய கால் கேலன் குழாயிலேயே தங்கிவிடும். சகலைக்காகப் பிரீமியம் கேட்டவர் தொட்டியில் முதலில் விழுவது, முன்னால் வந்த கேம்ரிக்காரரின் ரெகுலர்தான். அதற்கும் பிரீமியம் விலை. ஆகவே தென்கலையார் ரெகுலர் கேட்பதாயின், வரிசையில் மெர்சிடிஸ் ஜிஎல்இக்குப் பின்னால் போய் நிற்பது சாலச் சிறந்தது. லாபம் 20 சென்ட். காத்திருக்கும் நேரத்தில் என்ஜினை அணைத்து வைக்கவும். இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.