உள்ளே நடிகர் இல்லை

அனுப்புநர்:
இரண்டு குழந்தைகளின் தாய்,
வாடகை கேரவன்,
ராமநாதபுரம் தாண்டி ஒரு பனைமர நிழல்.

பெறுநர்:
கடலோரச் சாலைக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்.
(எந்தத் துறை என்று தெரியாததால், எல்லாத் துறைகளும்.)

பொருள்: கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டது – எங்கே கொட்டுவது என அறிவுறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தஞ்சை மன்னர் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு 1801-இல் எழுதிய கடிதம்.
2. மரக்காணம் உப்பளம் அருகே என் இளைய மகள் வாய்மொழியாக விடுத்த அவசர அறிவிப்பு ("அம்மா, உச்சா").

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கோடை விடுமுறையில் திருவான்மியூரில் தொடங்கி ராமேஸ்வரம் வரை கடலோரமாகவே போவதென்று கிளம்பினோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயது மகன், மூன்று வயது மகள், டிரைவர் அண்ணன் ஆக மொத்தம் ஐந்து பேர். பஸ்ஸில் போனால் குழந்தைகள் வாந்தி எடுக்கும். காரில் போனால் ஒன்றையொன்று கடிக்கும். கேரவன் என்றால் கட்டில், ஒற்றை அடுப்பு, கைகழுவும் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கழிப்பறை, எல்லாம் கூடவே வரும். வீட்டையே எடுத்துக்கொண்டு போகிறோம், வழியில் யாரிடமும் எதற்கும் நிற்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டோம். பிழை எங்களுடையதுதான். பொறுத்தருள்க.

முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் அதற்குள் நடிகர் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம் என்று எங்களுக்குத் தெரியாது. மாமல்லபுரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். ஐந்து நிமிடத்தில் முப்பது பேர். "அக்கா, உள்ள யாரு?" "என் பொண்ணு." "ஹீரோயினா?" அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் போடாமல், பாதி கடித்த மேரி பிஸ்கட்டோடு என் மகள் நின்றாள். கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. ஒரு தம்பி மட்டும் மனம் தளராமல் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். பிற்காலத்தில் உதவும் என்றான்.

அடுத்த சோதனைச் சாவடியில் ஒரு காவலர் வண்டியைப் பார்த்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கி, "ஷூட்டிங் பர்மிஷன் இருக்கா?" என்றார். "ஷூட்டிங் இல்ல சார், குடும்பம்." "குடும்பத்துக்கு எதுக்கு கேரவன்?" இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேரவனுக்கு நம் பழைய பெயர் சாத்து, பூம்புகார்க் கோவலனின் அப்பா பெயரே மாசாத்துவான் என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். "அவர் எந்தப் படத்துல?" என்று கேட்டிருப்பார்.

சாலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வண்டியை அது நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை எட்ட நின்றே பார்த்து, 'டிங்' என்று பணத்தை எடுத்துக்கொள்கிறது. என் மகள் ஒவ்வொரு முறையும் அதற்கு டாட்டா காட்டினாள். புகார்த் துறைமுகத்தில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. புலி போய் ஸ்டிக்கர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சங்க காலம் தொட்டு ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத அந்தத் துறைக்கு என் வாழ்த்துகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வண்டியின் கழிப்பறைத் தொட்டி இருபது லிட்டர் பிடிக்கும். புதுப் பொம்மை கிடைத்த மகிழ்ச்சியில் என் மகன் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலேயே பதினொரு முறை ஃப்ளஷ் செய்துவிட்டான். அன்று மாலைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. கழிப்பறைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டினோம். ஆகவே பார்வை 2-இல் கண்ட அறிவிப்பு வந்தபோது, நாங்களும் மற்றவர்களைப் போலப் பொதுக் கழிப்பறையைத் தேடும் சாதாரணக் குடிமக்களாக ஆகியிருந்தோம்.

தேடியது கிடைத்தது. ஒரு கடற்கரையூரில் புதுக் கட்டடம், புது ஓடு, வாசலில் புதுப் பூட்டு. பூட்டுக்கு மேலே கருங்கல் பலகை. என் மகன் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறான். "மா... ண்... பு... மி... கு" என்று தொடங்கினான். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் என்று விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனான். பக்கத்தில் தங்கை ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். அவன் ஏழாவது பெயருக்கு வந்தபோது அவள் குதிப்பதை நிறுத்தினாள். இனி அவசரமில்லை என்று புரிந்தது. எதிர்க்கடையில் சாவி பற்றி விசாரித்தேன். "சாவி வெச்சிருக்கவரு கல்யாணத்துக்குப் போயிருக்காருக்கா. நாளன்னிக்கு வந்துடுவாரு." அந்தக் கழிப்பறையைத் திறந்து வைக்க ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். திறந்தே வைக்கத்தான் ஒருவரும் இல்லை.

இரவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கடற்கரை ஓரம் நிறுத்தினோம். ஒன்பது மணிக்கு விசில். "தூங்குற வண்டி இங்க நிக்கக் கூடாதும்மா." "அந்த லாரி நிக்குதே?" "லாரி நிக்கலாம்." "அதுலயும் டிரைவர் தூங்குறாரே?" "அது லாரி." அதற்கு மேல் வாதாட முடியவில்லை. ஒரு லாட்ஜுக்குப் போனோம். ரூம் போட்டால்தான் பார்க்கிங் என்றார்கள். போட்டோம். குழந்தைகள் கேரவனில்தான் படுப்போம் என்று அடம்பிடித்ததால், அன்று இரவு ஏசி அறையில் எங்கள் ஈரத்துண்டுகள் நான்கும் நிம்மதியாகத் தூங்கின. மூன்றாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் வண்டியை விட்டோம். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார் வாட்ச்மேன். "பொண்ணு வீடு" என்றார் என் வீட்டுக்காரர், மகளைத் தோளில் போட்டபடி. பொய்யில்லை. மறுநாள் காலை கேசரி, இட்லி, வடை எல்லாம் வண்டிக்கே வந்தன. இந்தச் சாலையில் எங்களை விருந்தாளி என்று நடத்திய ஒரே இடம் அதுதான்.

தொட்டி அப்படியே இருந்தது. நான்கு இடங்களில் கேட்டேன். பெட்ரோல் பங்கில், "டீசல் போடத்தான் மேடம் இங்க" என்றார்கள். கழிவுநீர் லாரிக்காரர், "இருபது லிட்டருக்கெல்லாம் வண்டி எடுத்தா டீசலுக்குக்கூடக் கட்டாதுங்க" என்றார். ஓர் அலுவலகத்தில் மனு எழுதித் தரச் சொன்னார்கள். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்காமவர் வாயே திறக்கவில்லை. மோவாயை மட்டும் தூக்கிக் கடலைக் காட்டினார். அந்தக் கடலில்தான் என் மகன் முழங்கால் நனைய நின்று, தோசைத் தட்டில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மனோரா கோபுரத்தைத் தாண்டி வரும்போது மகன் ஊர்ப்பலகையைப் படித்தான். "சே...து...பா...வா...சத்திரம். அம்மா, சத்திரம்னா என்ன?" "வழியில போறவங்க தங்கிக்கிற இடம்டா." "அப்ப இன்னிக்கு நாம இங்க தங்கலாமா?" "இப்ப பேருல மட்டும்தான்டா இருக்கு."

நெப்போலியன் தோற்றதற்காக மனோராவை எழுப்பிய அதே சரபோஜிதான் பார்வை 1-இல் கண்ட கடிதத்தை எழுதியவர். ராமேஸ்வரம் போகும் வழியில் இருந்த சத்திரங்களில் என்னென்ன நடக்கின்றன என்று அதில் விவரிக்கிறார். எந்தச் சாதியாராக இருந்தாலும் சோறு, நோயில் விழுந்தால் மருந்து, வந்த இடத்தில் பிரசவமானால் கவனிப்பு, கைக்குழந்தைகளுக்குப் பால். எத்தனை வண்டி கடந்தது என்று 'டிங்' அடித்துச் சொல்ல அவரிடம் கருவி இல்லை. ஆனால் வண்டிக்குள் குழந்தை இருக்கும், அது நடுவழியில் அழும் என்பது அவருடைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்துக் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நான் கொள்கை அளவுக்குப் பேராசைப்படவில்லை. என் கோரிக்கைகள் நான்குதான்:

1. கழிப்பறைச் சாவியைக் கல்யாணத்துக்குப் போகாத ஒருவரிடம் கொடுத்து, பலகையில் பத்தாவதாக அவர் பெயரையும் பொறிக்கவும். என் மகன் வாசிக்கத் தயார்.

2. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வசதியைச் சுங்கச்சாவடியிலேயே அமைக்கவும். எப்படியும் அங்கே நிற்கத்தான் போகிறோம்.

3. குழந்தைகள் தூங்கும் வண்டியை இரவில் மட்டும் லாரியாகக் கருதவும். தேவையானால் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிக்கொள்கிறோம். ஒலி மட்டும் எழுப்பினால் போதும், மகளை எழுப்ப வேண்டாம்.

4. பால் விஷயத்தில் 1801-ஆம் ஆண்டு நிலவரத்தையே நடைமுறைப்படுத்தினாலும் சம்மதம்.

கடைசியாக ஒன்று. நாளை மறுநாள் வண்டியைச் சென்னையில் ஒப்படைக்க வேண்டும். தொட்டி காலியாக இல்லாவிட்டால் அபராதம் என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நீங்கள் எந்தத் துறை என்று கடைசிவரை தெரியாததால், ஒவ்வொரு அலுவலக வாசலாக வண்டியோடு வந்து விசாரிப்பதாக இருக்கிறோம். வாசலில் கூட்டம் கூடினால் பதற்றப்பட வேண்டாம். உள்ளே நடிகர் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொண்ணு வீடு.

இணைப்பு: தொட்டி ஒன்று (நிறைந்தது).