சுவரைத் துளைக்கத் தயங்காதீர்கள்

சேரன்மகாதேவியில் ஆச்சி வீட்டில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற சாமான் ஒன்றே ஒன்றுதான்: நெல் குலுக்கை. மண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக ஏற்றியது. அடிப்பக்கம் பெருத்து, மேலே வாய் குறுகியிருக்கும். பிசானப் பருவத்து நெல்லைக் கொட்டி நிரப்பிவிட்டால், பேரன் பேத்திகள் அத்தனை பேரும் சேர்ந்து முட்டினாலும் இம்மி அசையாது. பாரம் முழுவதும் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும்.

மற்றதெல்லாம் ஒன்று தரையோடு கிடந்தது, அல்லது சுவரோடு இருந்தது. துணிக்கு டிரங்குப் பெட்டி, அண்டா குண்டாவுக்குப் பரண், விளக்குக்கு மாடக்குழி. பத்திரம், ஜாதகம், தாத்தாவின் பஞ்சாங்கம் எல்லாம் சுவர் அலமாரிக்குள். வீடு கட்டும்போதே அந்த அலமாரியின் நிலையைச் சுண்ணாம்புக் காரையோடு சேர்த்துச் சுவருக்குள் பதித்துவிடுவார்கள். ஒன்றரை அடி கனச் சுவர், அதற்குத் தாங்கும். கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறித்தான் மேல்தட்டு முறுக்கு டப்பாவை நாங்கள் எடுப்போம். ஆச்சி கண்டால் ஏசுவாள். ஆனால் அலமாரி எங்கள் மேல் சாயும் என்று அவள் ஒருநாளும் பயந்ததில்லை. பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு கல்யாணச் சீராக இரும்பு பீரோ வந்தது. கோத்ரெஜ் 1923-லேயே இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிவிட்டது என்றாலும், எங்கள் தாமிரபரணி ஆற்றங்கரை ஊர்களில் அது நடுத்தர வீட்டுச் சாமானாக வெகுகாலம் ஆனது. இப்போது பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் பீரோ, புத்தக அலமாரி, இழுப்பறை வைத்த டிவி ஸ்டாண்ட் என்று உயரமான சாமான்கள் தனித்தனியே நிற்கின்றன. சுவர் பல இடங்களில் நாலரை இஞ்சாக மெலிந்துவிட்டது. தரை வழுவழுப்பான டைல்ஸ். அடியில் ஸ்கர்ட்டிங் ஓடுவதால் பீரோவின் முதுகு சுவரில் ஒட்டுவதே இல்லை. போதாததற்கு அதன் தலையில் சூட்கேஸும் பித்தளைக் குத்துவிளக்கும்.

தங்கை வீட்டில் அவள் மகன், மூன்று வயதுப் பிள்ளை, இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படியாக்கி ஏறினான். இழுப்பறை எல்லாம் வெளியே வந்ததும் பாரம் முன்னால் வந்துவிடுகிறது. பிள்ளையின் எடையும் சேர்ந்ததும் அலமாரி சாய்ந்தது. பக்கத்தில் நின்ற தங்கை தோள் கொடுத்துத் தாங்கினாள். சாயங்காலம் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். அலமாரியைச் சுவரோடு கட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் வீடு முழுக்க எதிர்ப்பு. வந்த ஆசாரியே தயங்கினார்: “அண்ணாச்சி, புதுப் பெயிண்ட் அடிச்ச செவத்துல ஓட்ட போடச் சொல்லுதியளே, வீட்டம்மா ஏச மாட்டாவளா?”

பிள்ளையின் தலையைவிட பெயிண்டுக்கு அதிக மதிப்பா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அலமாரியையே சுவருக்குள் வைத்துக் கட்டிய ஊரில், ஒரு ஸ்குரூவுக்கு இவ்வளவு யோசனை.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்தபின், 2016 ஜூனில் ஐகியா சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. திருப்பித் தராதவர்களுக்குச் சுவரில் பிணைக்கும் கொக்கிகளை இலவசமாகக் கொடுத்தது. 2022 டிசம்பரில் அங்கே தனிச் சட்டமே வந்தது. 27 இஞ்சும் அதற்கு மேலும் உயரமுள்ள துணி அலமாரிகள், சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினாலும் தொங்கினாலும் கவிழாதபடி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 27 இஞ்ச் என்பது நம் சாப்பாட்டு மேசையின் உயரம்கூட இல்லை.

அலமாரியைச் சுவரோடு பிணைப்பது அரை மணி நேரத்து வேலைதான். சாமானின் மேல்பக்கம் இரு ஓரத்திலும் எல் ஆங்கிள் வைத்து, சுவரில் துளையிட்டு, ரால் பிளக் அடித்து ஸ்குரூ முறுக்க வேண்டும். ஸ்குரூ பூச்சோடு நின்றுவிடக் கூடாது, செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். மரத்தூள் பலகை அலமாரியின் முதுகில் இருக்கும் மெல்லிய அட்டையில் முறுக்கினால் பிய்த்துக்கொண்டு வரும்; மேல்சட்டத்திலோ பக்கப் பலகையிலோதான் பிடிக்க வேண்டும். ஸ்கர்ட்டிங் இடைவெளிக்கு ஒரு மரக்கட்டையை அணைகொடுக்கலாம். கனமானவை கீழ்த்தட்டுக்குப் போகட்டும். டிவியை பீரோ மேலோ இழுப்பறை மேலோ ஏற்றவே கூடாது.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நனைந்து ஊதிய மரத்தூள் பலகையில் ஸ்குரூவுக்குப் பிடிமானம் இருக்காது. அப்படிப்பட்ட அலமாரியைக் காயவைத்துத் திரும்ப நிறுத்தியிருந்தால், பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து முதலில் அதை அகற்றுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் துளையிடுங்கள். காலி செய்யும்போது கொஞ்சம் பட்டி வைத்து அடைத்துவிடலாம். அடுத்த முறை பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ டிரில்லிங் மெஷினோடு வீட்டுக்கு வந்தால், அவர் கிளம்பும் முன் பீரோவைக் காட்டி, இதையும் சுவரோடு பிடித்துவிட்டுப் போங்கள் என்று கேளுங்கள்.