சிலிண்டர் ஏறிய பெட்டி

கேள்வி: விமானம் ஏறப் போன இடத்தில் என் கைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு கெடுபிடி தேவையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தேவைதான் அம்மா. கத்தரிக்கோல் போனால் கடையில் வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?

1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் பெட்டி வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானத்துக்கென அதைக் கொடுத்த ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஆகஸ்ட்டில் லக்னோ யாத்ரீகர்களின் சுற்றுலாப் பெட்டி ஒன்று, நாகர்கோவிலில் புனலூர்-மதுரை ரயிலோடு சேர்ந்து, நம் தாமிரபரணிப் பாலம் தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் வழியாகத்தான் மதுரை போனது. உள்ளே கேஸ் சிலிண்டர்! ரயிலில் அதற்குத் தடை உண்டு, ஆனால் ஏற்றும்போது தடுக்க ஆளில்லை. 26-ஆம் தேதி விடியலில், மதுரையில் கழற்றி நிறுத்தியிருந்த அந்தப் பெட்டிக்குள் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார்கள். 9 பேர் கருகிப்போனார்கள். பாலத்தின் மேல் ஓடும்போது பற்றியிருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

விமானத்தில் இருக்கும் கெடுபிடியில் பாதியாவது ரயிலுக்கு வரவேண்டும். அதுவரை, பக்கத்து இருக்கைக்காரர் சிலிண்டரோடு ஏறினால் முகம் பார்க்காமல் 139-க்கு போன் போடுங்கள்.