போனை வச்சிட்டு இதைப் பாரு, பேராண்டி

ஏய்யா பேராண்டி, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிக்கிற உன் தங்கச்சி கொண்டாந்த புஸ்தகத்தைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டியாமே? துணியில்லாத பொம்பளைப் படமாம், குடும்பத்துக்கு ஆகாதாம். கேட்டதும் வெத்தலை எனக்குப் புரையேறிப் போச்சு. தறிமேட்டுல குனிஞ்சுக்கிட்டு நீ போனுல பாக்குறதெல்லாம் தேவாரமாக்கும்!

நான் சிவகாசி லித்தோ பிரஸ்ல மை தொட்டவன். கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்ச சாமி படமெல்லாம் காலண்டராகி வீடு வீடாத் தொங்குன காலம். வரைஞ்சது ஆம்பளை, மிஷின் ஓட்டுனது ஆம்பளை. பொம்பளைகளுக்குத் தாள் எண்ணுறது, மடிக்கிறது, ஒட்டுறது. லட்சுமி கையிலயே தாமரையத்தான் குடுத்தோம், சக்கரத்தைக் குடுக்கலையே!

நீ பாத்து ஓடுன படங்களைப் போட்டது அனுபம் சூட். 1944ல பஞ்சாபு ஹோஷியார்பூர்ல பொறந்த அம்மா. டெல்லியில படிச்சு, 1971ல லண்டன் ஸ்லேடு கல்லூரிக்குப் போயி, திரும்பி வந்து டெல்லியிலயே பல வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவுக. அவுக படம் போடுற வித்தை எப்படின்னா, துத்தநாகத் தகட்டுல மெழுகைப் பூசி, ஊசியால கீறி, திராவகத்துல போடணும். கீறுன எடத்தை மட்டும் அது அரிக்கும். கூடுதல் நேரம் கெடந்தா கூடுதல் கறுப்பு. அந்தப் பள்ளத்துல மையத் தேய்ச்சு, மேல உள்ளதைத் தொடைச்சு, ஈரத்தாளை வச்சு உருளைக்குள்ள விடணும். அந்த உருளையை ஓட்டுற சக்கரத்தைச் சுத்திப் பாரு, தோள்பட்டை பேசும். பொட்டப்பிள்ளை திராவகத்தைத் தொட்டா கை வெந்துரும்னு சொன்னியாமே. அடுப்பைத் தொட்டா மட்டும் வேகாதோ?

நல்லாப் பாத்திருந்தா இன்னும் வேகமா ஓடியிருப்பே. 'டயலாக்'னு ஒரு வரிசை போட்டிருக்காக. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாக. பேருதான் பேச்சு, வாயத் தொறந்த பாடில்ல. உங்க பாட்டியும் நானும் திண்ணையில உக்காந்திருந்தது இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கே சந்தேகம். 1982ல போட்ட இன்னொண்ணுல செவத்தோரம் ஒரு பொண்ணு. அவளுக்கு மூஞ்சியே கெடையாது. நீ பொண்ணு பாத்துட்டு வந்தன்னைக்கு, மூக்குத்தி எந்தப் பக்கம்னு உன் அத்தை கேட்டதுக்கு முழிச்சியே, அந்தப் பொண்ணுக்கும் மூஞ்சி இல்ல போலிருக்கு.

வில்லிபுத்தூர்ல ஒரு பொண்ணு சாமி மாலையத் தானே போட்டுக்கிட்டு, கெணத்துத் தண்ணியில அழகு பாத்துச்சு. மனுசப் பய எவனும் வேணாம்னுட்டுது. அந்தக் கண்ணாடிக் கெணத்தை இன்னைக்கும் எட்டிப் பாத்துக் கும்புட்டுட்டு வர்றே. ஒரு பொம்பளை தன் ஒடம்பைத் தானே பாத்து வரைஞ்சா மட்டும் ஒனக்குக் கண்ணு கூசுது!

வர்ற தையில ஒனக்குக் கல்யாணம். நம்ம வீட்ல தறியில ஆம்பளை, தார் சுத்த பொம்பளை. கூலி ஏறுறது தறிக்காரன் பேருல. தறி நல்லாப் போடுவான்னு பொண்ணு வீட்ல பெருமையடிச்சாச்சு. தைக்குள்ள தார் சுத்திப் பழகிக்க. அந்தப் புஸ்தகத்தையும் தங்கச்சிகிட்டக் கேட்டு வாங்கி மொதப் பக்கத்துல இருந்து பாரு. போனைப் பாக்குற மாதிரி மறைவுல இல்லய்யா, நடுவீட்டுல வச்சுப் பாரு.