குளிரைப் பூட்டி வைக்கும் சருகு

மினியாபொலிஸ்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே ஐப்பசி பிறந்தால் மேப்பிள் மரமெல்லாம் மொட்டையாகிவிடும். வீட்டுக்காரர்கள் காது கிழிய அலறும் ஊது இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு சருகு விடாமல் ஒதுக்கி, இடுப்புயரக் காகிதப் பைகளில் அடைத்து வாசலில் வரிசையாக நிறுத்துவார்கள். மற்றக் குப்பையோடு சேர்த்துப் போட முடியாது. 1990 முதல் இந்த நகர வட்டாரத்தில் அதற்குச் சட்டப்படி தடை. ஆகவே சருகைத் தனியாக, மரியாதையோடு ஏற்றி உரக்கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். சித்திரை வந்ததும் அதே வீட்டுக்காரர்கள் கடைக்குப் போய், அரைத்த மரப்பட்டையைக் காசு கொடுத்து வாங்கிவந்து, சருகு கிடந்த அதே பாத்தியில் கொட்டுவார்கள். ஒரு மூட்டை 2 கன அடி. 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் 8 சதுர அடிதான் வரும்; நம் வீட்டுக் கோரைப்பாயில் பாதிகூடத் தேறாது. போதாததற்குச் சாயம் வேறு: சிவப்புக்கு இரும்பு ஆக்சைடு, கறுப்புக்குக் கரித்தூள். கொக்கோ விதைத் தோல் வாங்கிப் போட்டால் தோட்டமே சாக்லெட் மணக்கும். ஆனால் நாய் தின்றால் அது விஷம். கால்நடை மருத்துவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே!

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் இப்படி மண்ணை மூடி மூடாக்குப் போடுவதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. இயற்கை வேளாண்மைக்காக நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அதே மூடாக்குதான். கோடையில் அங்கே செய்யும் வேலையை இங்கேயும் செய்கிறது. ஈரத்தைக் காக்கிறது, களையை அமுக்குகிறது. கோளாறு குளிர்காலக் கணக்கில்தான். செடிக்குக் கதகதப்புக் கொடுக்கவே மூடாக்கு என்று இங்கேயே பலர் நினைக்கிறார்கள். அது தலைகீழ். வீட்டு அஸ்திவாரத்தை 42 அங்குல ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்று கட்டட விதி இருக்கிற ஊர் இது. மண் அவ்வளவுக்கு உறையும். இந்தக் குளிருக்குப் பழகிய செடிக்கு உறைவது பெரிய காரியமில்லை. உறைந்து, இளகி, மறுபடி உறைவதுதான் எமன். மார்ச் மாத வெயில் பகலில் மேல்மண்ணை இளக்கும், இரவு வந்ததும் அது மறுபடி இறுகும். உறையும் மட்டத்தை நோக்கிக் கீழிருந்து ஈரம் ஏறி, தகடு தகடாகப் பனிக்கட்டி கட்டி, மண்ணையே மேலே தூக்கும். போன புரட்டாசியில் நட்டு இன்னும் வேர் பிடிக்காத செடியையும், மேலாக வேர்விடும் ஸ்ட்ராபெர்ரியையும் அது நெம்பி வெளியே தள்ளிவிடும். அப்புறம் வேர் காற்றில் காய்ந்து சாகும். மீன் சந்தையில் ஐஸ் கட்டியை மரத்தூளும் சாக்கும் போட்டு மூடுகிறார்களே, ஐஸுக்குக் குளிருகிறது என்றா? குளிர்கால மூடாக்கின் வேலையும் அதுதான். உறைந்த மண் வசந்தம் வரை உறைந்தே கிடக்க வேண்டும்.

இதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். மண் உறைந்த பிறகுதான் மூட வேண்டும். இந்த ஊருக்கு அது பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதி. அவசரப்பட்டு முன்னாலேயே மூடினால் மண்ணின் சூடு உள்ளே தங்கும். எலிகள் குடும்பத்தோடு குடியேறும். சித்திரையில் அழகுக்காகப் போட்ட பட்டை அதற்குள் ஓரளவு மக்கித் தாழ்ந்து, இந்த வேலைக்குக் கனம் போதாமல் நிற்கும். சருகோ சரியாக ஒரு மாதம் முன்னதாக, டெலிவரிக் கட்டணம் கூட இல்லாமல், வாசலிலேயே வந்து விழுகிறது. மூலையில் குவித்துவைத்து, மண் இறுகியதும் நாலைந்து அங்குலம் பரப்பினால் தீர்ந்தது. அதன் மேல் பனி விழுந்தால் இன்னும் நல்லது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதைவிட நல்ல மூடாக்கு விலைக்குக் கிடைக்காது. ஆனால் பனியை நம்பிச் சும்மா இருக்க முடியாது, சில வருஷம் ஜனவரியிலேயே தரை தெரியும்.

சருகு நனைந்தால் அடையாக ஒட்டிக்கொண்டு செடியை மூச்சுமுட்டச் செய்யும் என்பார்கள். முழு மேப்பிள் இலை அப்படித்தான் செய்யும். புல்வெட்டும் இயந்திரத்தை அதன் மேல் இரண்டு தடவை ஓட்டினால் தூளாகிவிடும். தூளான சருகு அடை கட்டாது, காற்றுக்கும் அவ்வளவாகப் பறக்காது. மண்ணின் தழைச்சத்தை உறிஞ்சிவிடும் என்று இன்னொரு பயம். மண்ணோடு கொத்திக் கலந்தால் அது நடக்கும். மேலாகக் கிடந்தால் தொடுகிற பரப்போடு சரி, ஆழத்தில் இருக்கும் வேருக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் குற்றச்சாட்டு மரப்பட்டைக்கும் பொருந்தும். வசந்தத்தில் மண் சூடேறத் தாமதமாகும் என்பது உண்மை. ஏப்ரலில் முளை தலைகாட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிவிட வேண்டும். நோய் பிடித்த ரோஜா இலையையும் ஆப்பிள் இலையையும் திருப்பிப் போடக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மிச்சமிருப்பது ஒன்றுதான்: பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். இதற்கு என்னிடம் பதில் இல்லை, பெரியப்பா. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும் பாத்தியை யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

அழகு பார்ப்பவர்கள் செய்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். மரத்தைச் சுற்றி அடிமரம் மறையக் கூம்பாகப் பட்டையைக் குவிப்பார்கள். இதற்கு ‘மல்ச் எரிமலை’, அதாவது மூடாக்கு எரிமலை, என்றே பெயர். அடிமரம் எந்நேரமும் ஈரத்தில் ஊறி அழுகும். புதுவேர்கள் அந்தக் குவியலுக்குள்ளேயே சுற்றி வளர்ந்து, வருஷங்கள் போனபின் மரத்தின் கழுத்தையே நெரிக்கும். பனிக்கடியில் வோல் என்கிற குட்டைவால் எலி அடிமரத்துப் பட்டையைச் சுற்றிக் கடித்து மரத்தை முடித்துவிடும். வேர் விரியும் இடம் வெளியே தெரிய வேண்டும் என்று தோட்டக்கலைக்காரர்கள் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் குறைவாகப் போட மனசு வருமா?

இன்னொன்று. பனியாறுகள் தேய்த்துவிட்டுப் போன இந்த மண்ணில் சொந்த மண்புழு கிடையாது. இருப்பதெல்லாம் வந்தேறிகள், என்னைப் போல. அவற்றில் ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழு மேல்மண்ணைக் காப்பித்தூளாக்கிவிடுகிறது. அது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் செடித்தொட்டியிலும் உரத்திலும் மூடாக்கிலும்தான். தன் வாசல் சருகைத் தன் பாத்தியிலேயே போடுகிறவர் அதைப் புதிதாக வரவழைக்க மாட்டார்.

சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கரும்பு வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைக்க வேண்டாம். மறுதாம்புக்குப் பார் இடையில் பரப்பட்டும். இங்கே மூட்டை கட்டுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்.