எந்த லென்ஸுங்கண்ணா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை கன்னங்குறிச்சி டீக்கடையில் என் போனில் இருந்த ஒரு படத்தை நண்பர்களிடம் காட்டினேன். மேட்டூர் அணை வற்றிக் கிடந்த ஒரு கோடையில் பண்ணவாடியில் எடுத்தது. 1934இல் அணை வந்ததிலிருந்து, தண்ணீர் ஏறினால் மூழ்குவதும் இறங்கினால் எழுவதுமாக இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. அதன் நிழலில் ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் தூக்குப்போசியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிய கம்மங்கூழை ஆட்காட்டி விரலால் வழிக்கிறார். பின்னால் ஆடுகள் வெடித்த சேற்றில் எதையோ தேடுகின்றன.

அந்தப் பாட்டி அன்று என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். டீக்கடையிலும் அதைச் சொல்லத்தான் போனை நீட்டினேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வாங்கினார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். பாட்டியின் முகத்தை விரிக்கிறார் என்று நினைத்தேன். அவர் விரித்தது படத்தின் இடது மேல் மூலையை. அங்கே வானம்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த லென்ஸுங்கண்ணா?"

கேமராவோடு கூடவே வந்த லென்ஸ்தான் என்றேன்.

"ஓ, கிட் லென்ஸா!" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்படிப் பார்த்தா பரவாயில்லீங்க."

அந்தப் "பரவாயில்லீங்க" ஒரு வாரமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

கேள்வி ஒன்றும் புதிதில்லை. நாமும் எத்தனை பேரைக் கேட்டிருப்போம்! தாலி கட்டுகிற நேரத்தில் மணமேடையைப் பார்க்காமல் போட்டோகிராபரின் கையைப் பார்க்கிற கூட்டம்தானே நாம்? மொய் எழுதப் போகுமுன்பே அவர் கையில் இருக்கும் கேமரா பாடி என்ன மாடல், என்ன விலை, சந்தைக்கு வந்து எத்தனை வருடம் என்று மனதுக்குள் எழுதி முடித்துவிடுகிறோம். பெண் யார் வீட்டுப் பெண் என்பதைச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். காடு காடாக நடந்து யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1960இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றின் உடம்பையும் இன்னொன்றின் கண்ணையும் ஒட்டுப்போட்டு அவரே தேற்றிக்கொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று கிண்டலாக ஒரு பெயரும் வைத்திருந்தார். அவர் இன்று எங்கள் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தால், நாலு பேர் அந்தப் பாண்டெரோசாவைக் குப்புறக் கவிழ்த்துச் சீரியல் நம்பர் தேடுவார்கள். ஒருவர் ஷட்டர் கவுண்ட் கேட்பார். யானைப் படம் இருக்கிற கவர் டீ கிளாஸுக்கு அடியில் கிடக்கும்.

படம் எடுக்கிற எங்கள் டீக்கடைக் குழுவில் நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் உண்டு. லென்ஸ் விலையை அவர் ரூபாயில் சொல்லவே மாட்டார். "முட்டை அஞ்சு ரூவாய்க்கு மேலயே நின்னுதுன்னா அறநூறு எம்.எம். வாங்கிப் போடலாமுங்க. நாலுக்கு வந்துட்டா, இருக்கறத வெச்சு ஓட்டிக்க வேண்டியதுதான்" என்பார். அதனால் நாமக்கல் பண்ணை விலையை நாங்களும் தினமும் பார்க்கிறோம், ஆம்லெட்டுக்காக அல்ல. போன தடவை விலை ஏறியபோது வாங்கியே விட்டார். அன்றிலிருந்து மூக்கனேரி நீர்க்காகங்களுக்கு நிம்மதி கிடையாது. அவர் பண்ணையிலும் ஆயிரக்கணக்கில் பறவைகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் படம் எடுத்ததில்லை.

2018 ஆகஸ்டில் நிக்கானும் அடுத்த மாதமே கேனானும் ஃபுல் பிரேம் மிரர்லெஸ்ஸுக்கென்று லென்ஸ் மாட்டுகிற புது மவுண்ட் அறிவித்தபோது, எங்கள் டீக்கடை பாகப்பிரிவினை நடக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. தாத்தா காலத்து லென்ஸையும் பேரன் மாட்டலாம் என்று பெருமை பேசியவர்கள் அன்று டீயைக் கையிலேயே ஆறவிட்டார்கள். அடாப்டர் மாட்டினால் பழையது வேலை செய்யும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அவரை யாரும் மதிக்கவில்லை.

பாட்டி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அதற்குமுன் என் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

லென்ஸுக்குள் பங்கஸ் பிடித்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு அதை ஏற்றிவிட்டவர் எங்கள் குழுவின் ஏற்காட்டுக்காரர் ஒருவர். பனி மூட்டத்தில் வாழ்கிற மனிதர், அவருக்கு வந்ததில் நியாயம் உண்டு. "லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டுப் போய்விட்டார். டார்ச் அடித்தால் எந்த லென்ஸுக்குள்தான் ஒன்றும் தெரியாது? தூசி தெரிகிறது, புள்ளி தெரிகிறது, நூல் போல ஏதோ ஒன்று தெரிகிறது, நம் கண் இமையே உள்ளே தெரிகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தவனை வீட்டில் பார்த்துவிட்டு, "கதவச் சாத்திட்டுப் பாருங்க, அக்கம்பக்கத்துல திருடன்னு நெனச்சுக்குவாங்க" என்றார்கள்.

முதலில் அரிசி டிரம். பொன்னி அரிசிக்குள் புதைத்தால் ஈரம் இழுக்கும் என்றார்கள். இழுத்தது. கூடவே தவிட்டுப் பொடியை லென்ஸின் ஜூம் வளையத்துக்குள் அனுப்பியும் வைத்தது. அடுத்து சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா, புது சூட்கேஸ் என்று எங்கே அந்தச் சின்னப் பொட்டலம் கண்ணில் பட்டாலும் பையில் போட்டுக்கொண்டேன். உறவினர் வீட்டில் புதுச் செருப்பு வாங்கியிருந்தால் முதலில் பெட்டியைத்தான் விசாரிப்பேன். ஈரம் குடித்த நீல உருண்டை இளஞ்சிவப்பாகிவிடும். வறுத்தால் மறுபடி நீலம். வறுக்க வீட்டில் இருந்தது தோசைக்கல். அந்தக் கதை இங்கே வேண்டாம். புதுத் தோசைக்கல் வாங்கிக் கொடுத்தேன், பழக்கிய கல்லைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கடைசியில் மின்சாரத்தில் ஓடும் ட்ரை கேபினெட்டே வாங்கிவிட்டேன். கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை விளக்கு, நெற்றியில் ஈரப்பதம் காட்டும் எண். 40லிருந்து 50க்குள் இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். 45இல் வைத்தேன். சாமி அறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதன் முன்தான் நிற்பார்கள். "மீன் இன்னும் விடலீங்களா?" என்று கேட்டவர் உண்டு. மாமனார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகக் கிட்டப் போய், கதவைத் திறந்து, ஒரு லென்ஸை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தார். என்ன பாட்டிலை எதிர்பார்த்தாரோ!

மழைக்காலம் வரை பெட்டி ஒழுங்காக இருந்தது. பங்குனி பிறந்ததும் சிக்கல். இது சேலம். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து திரும்பிப் போனால் எடுத்து மடிக்கலாம். அப்படிப்பட்ட ஒரு மதியம், அடுத்த ஊருக்குப் படம் எடுக்கப் போகலாமென்று பெட்டியைத் திறந்து, வெயிலைப் பார்த்துவிட்டு மனம் மாறி மூடினேன். நெற்றியில் எண் 31.

காயவைக்கிற பெட்டிக்குள் இருந்ததைவிட வெளியே காய்ந்த காற்று. திறந்த வேகத்தில் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கோழிப்பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். அவரிடமும் இதே பெட்டி, இதைவிடப் பெரியது. "30க்குக் கீழ போனா ரப்பர் வெடிச்சுருமுங்க, உள்ள இருக்கற கிரீஸ் காஞ்சுரும்" என்று பீதியைக் கிளப்பினார். "என்ன பண்றது?" என்றேன். "சின்ன வேலைதானுங்க. உள்ள ஒரு டம்ளர் தண்ணி வெய்யுங்க."

வைத்தேன். சாமி அறைக்குப் பக்கத்தில், விளக்கு எரியும் பெட்டிக்குள், லென்ஸுகளுக்கு நடுவே ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். விருந்தாளிகள் பார்வையே மாறிவிட்டது. ஒரு பாட்டியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். எண் ஏறியது. 38, 44, 52. ஐம்பதைத் தாண்டியதும் பெட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈரத்தை இழுத்து வெளியே தள்ள ஆரம்பித்தது. டம்ளர் ஈரத்தைக் கொடுக்கிறது, பெட்டி அதை எடுத்து வெளியே விடுகிறது. டம்ளரில் தண்ணீர் குறையக் குறைய நான் ஊற்றுகிறேன். ஊற்றுவது மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணீர். டெல்டாவுக்கு எவ்வளவு போகிறது என்று நாடே கணக்குப் பார்க்கிற தண்ணீரை, என் பெட்டி கரண்ட் பில்லோடு குடித்துக்கொண்டிருக்கிறது.

அதோடு முடியவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒருநாள் கரண்ட் இருக்காது. அதற்காகப் பெட்டியை இன்வெர்ட்டரில் சேர்த்தேன். அம்மா அறை ஃபேனுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. எலக்ட்ரீஷியன் வந்தபோது கொடுத்துவிட்டிருக்கலாம், வயர் பற்றவில்லை. அம்மா பனை விசிறியோடு வந்து பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதுக்குள்ள எனக்கு ஒரு தட்டு ஒதுக்குடா" என்றார்.

இத்தனைக்கும் பங்கஸ் எதற்கு வரும்? இருட்டில், காற்றாடாமல், மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கிற லென்ஸுக்கு வரும். எடுத்து வெளியே கொண்டுபோய் நாலு படம் எடுத்தால் பெரும்பாலும் வராது. வெயிலும் காற்றும்தான் அதற்கு மருந்து. சேலத்தில் வெயில் இலவசம். ஆனால் அந்த வெயிலில் போனால் சென்சாரில் தூசி விழுமே!

1975இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. ஐம்பது வருட விஞ்ஞான வளர்ச்சிக்குப் பிறகு என் தோள்பை அதைவிடக் கனம். அதைத் தூக்கிக்கொண்டுதான் எங்கள் குழு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனது. கெட்டி முதலிகள் கட்டிய கோயில். அங்கே ராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இடத்தில் நின்று பார்த்தால் ராமன் தெரியமாட்டான். இந்தக் கோணத்தை வியூஃபைண்டர் இல்லாமல், ட்ரைபாட் இல்லாமல், கல்லில் ஒருவன் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று நாங்கள் பேசியது கார்னர் ஷார்ப்னஸ். கொலுசுப் பட்டறை நண்பர் வெளிமதில் சுவருக்கு நேராக ட்ரைபாட் போட்டார். எஃப் 2.8இல் ஒன்று, 4இல் ஒன்று, 5.6இல் ஒன்று. சுவரின் நாலு மூலையும் ஒரே தெளிவாக விழுந்ததில் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பூ விற்கிற அம்மா வந்து, "சுவத்துல என்னங்க இருக்குது?" என்று கேட்டார். நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்றும் இல்லாதது படு ஷார்ப்பாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். எந்த லென்ஸ் என்று நானும் கேட்டுவைத்தேன்.

பாட்டி சொன்னதை எழுத இடம் போதவில்லை. ஆசிரியர் கொடுத்த பக்கம் முடிகிறது. கேட்டிருந்தால் டீக்கடையிலேயே சொல்லியிருப்பேன்; யாரும் கேட்கவில்லை. இனி கேட்டாலும் சொல்லுகிற மனநிலையில் நான் இல்லை.

வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு மட்டும். ட்ரை கேபினெட் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. நல்ல நிலையில் உள்ளது, கண்ணாடியில் கீறல் இல்லை, சாமி அறைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் விபூதி வாசனை வரும். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்துக்காரர்களுக்கு முன்னுரிமை. அவர்களுக்குத்தான் இது உண்மையில் வேலை செய்யும். சமவெளிக்காரர்கள் வாங்குவதானால் காலையில் வந்து பாருங்கள். மதியம் வந்தால் 31 காட்டும், நீங்கள் விலையைக் குறைப்பீர்கள். டம்ளர் இலவசம்.